மண் இல்லாத பண்ணையில் பதினெட்டு மாதங்கள்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தது நான்தான். விவசாயிகள் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வரும் மண்ணைப் பழைய செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்துவது, கட்டிகளை மரச்சுத்தியால் தட்டி உடைப்பது, சலிப்பது எல்லாம் அவள் வேலை. சலித்த மண்ணைக் குடுவையில் போட்டு, ரசாயனம் ஊற்றி, எண்ணைக் கண்டுபிடிப்பது என் வேலை. பன்னிரண்டு வருடம் ஒரே அறை, ஒரே மின்விசிறி.

ஆனால் அந்தப் பெயர் வேலையால் வந்ததல்ல. யார் எதைச் சொன்னாலும் அவள் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். ஏன், எதுக்கு, அப்புறம் என்று சலித்துச் சலித்துக் கேட்பாள். கேட்டு அவள் ஒருநாளும் சலித்ததில்லை. பதில் சொல்லிச் சொல்லி நாங்கள்தான் சலித்துப் போனோம்.

பரிசோதனை முடிந்ததும் விவசாயிக்கு ஓர் அட்டை கொடுப்போம். மேலே மண்ணின் எண்கள் இருக்கும். கீழே போடவேண்டிய உரத்தின் அளவு. மேலே உள்ளது ஆளுக்கு ஆள் மாறும். கீழே உள்ளது பெரும்பாலும் மாறாது. அதிகாரியின் கணினியில் அது எப்போதோ தட்டச்சாகிக் கிடந்தது, அவ்வளவுதான். சல்லடை மட்டும் ஒரு நோட்டில் கரிமச்சத்தை ஊர்வாரியாக எழுதி வந்தாள். மட்கிய இலை, வேர், சாணம், செத்த புழு பூச்சி எல்லாம் சேர்ந்து மண்ணுக்குக் கொடுக்கிற சத்து அது. பன்னிரண்டு வருடத்தில் அது எந்த ஊரிலும் ஏறவில்லை.

"ஜுர சார்ட் மாதிரி இருக்குண்ணா. ஆனா இறங்கிக்கிட்டே போகுது" என்றாள் ஒருநாள்.

"ஜுரம் இறங்கினா நல்லதுதானேம்மா?"

"ரொம்ப இறங்கினா உடம்பு சில்லுனு ஆயிடும்ணா."

சிரித்தோம். அந்த வாரமே ஒரு விவசாயி வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்மின்னு போட்டிருக்கீங்க, சரி. ஏத்தறதுக்கு என்ன பண்ணணும்?" என்றார்.

"இலை தழை போடுங்க" என்றாள்.

"எவ்வளவு போடணும்? எத்தனை வருஷம்? என் நிலத்துல போட்டா ஏறுமா, ஏறாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் குடுவையைப் பார்த்தேன். அவர் அட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் சொன்னாள்: "நோய் என்னன்னு மட்டும் சொல்லி அனுப்பிக்கிட்டே இருக்கோம். மருந்து நமக்கே தெரியாது."

அவள் கணவர் விவசாயி. ஊர் ஓரத்தில் இரண்டு ஏக்கர். அவருடைய மண்ணையும் வருடா வருடம் அவள்தான் சலிப்பாள். அட்டையைக் கொடுத்தால் அவர், "இதைக் காட்டினா பயிரு பயந்துக்கிட்டு வளருமா?" என்பார். நல்ல மனிதர். அதிகம் பேச மாட்டார், பேசினால் இப்படித்தான். அவர்களுக்கு ஒரே மகள், அப்போது பத்து வயது.

அந்த வருடம்தான் எங்கள் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் வந்தது. வெளிநாட்டில் பதினெட்டு மாதப் பயிற்சி. நீடித்த வேளாண்மை. காலையில் பண்ணையில் வேலை, மதியத்துக்கு மேல் வகுப்பு. முடித்தால் பட்டயம். வயது வரம்பு முப்பத்தேழு. அவளுக்கு முப்பத்தாறு நடந்துகொண்டிருந்தது.

"எனக்காகவே போட்டிருக்காங்கண்ணா" என்றாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

கணவரிடம் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "திரும்பி வந்து நம்ம நிலத்துல செய்வியா?" என்று கேட்டாராம்.

"பின்ன எதுக்குங்க போறேன்?"

"அப்ப போயிட்டு வா. ஒன்றரை வருஷம் நான் அதை விட்டுட்டு எங்க போயிடப் போறேன்?"

அதிகாரியும் சம்பளமில்லாத விடுப்புக் கொடுத்தார். மகள்தான் அழுதது. அதற்கும் சல்லடை ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பார்த்துக்கொள்வது, பார்க்கும்போது அழுவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். முதல் ஞாயிறு அதை மீறியது அம்மாதான்.

அங்கே போய் இறங்கியதும் பன்னிரண்டு பெண்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டிப் போனவர் பண்ணை மேற்பார்வையாளர். நம் மொழி பேசுகிறவர். எட்டு வருடத்துக்கு முன் தொழிலாளியாகப் போய் மேலே வந்தவர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்மா" என்பார். போர்வை பத்தவில்லை என்றாலும் அதுதான், பல்வலி என்றாலும் அதுதான். இரண்டே நாளில் பெண்கள் அவருக்குப் பாத்துக்கலாம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பண்ணை என்றால் வரிசையாக நாற்பது பிளாஸ்டிக் கூடாரங்கள். ஒவ்வொன்றும் ரயில் பெட்டிகள் நாலைந்தை ஒட்டி வைத்த நீளம். உள்ளே இடுப்பு உயரத்தில் வெள்ளைக் குழாய்கள். குழாயில் துளை, துளைக்குள் கீரைச்செடி. வேர்கள் குழாய்க்குள் ஓடும் சத்துத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தன. தரை முழுக்க சிமென்ட். சல்லடை மூன்று கூடாரம் நடந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சார், மண் எங்க?"

பாத்துக்கலாம் சிரித்துவிட்டார். "மண்ணா? மண்ணு இருந்தா பூச்சி வரும், நோய் வரும். இங்க ஒரு துளி கிடையாது. செருப்புல ஒட்டியிருந்தாகூடக் கழுவிட்டுத்தான் உள்ள வரணும்."

"மண்ணைப் பத்திப் படிக்கத்தான் வந்தேன்."

"பாத்துக்கலாம்மா."

இதை அவள் என்னிடம் போனில் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டோம்.

வகுப்பறை என்பது சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்று. ஜன்னல் வெட்டி, பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் மாதம் வாரத்துக்கு நாலு நாள் வகுப்பு நடந்தது. இரண்டாம் மாதம் இரண்டு நாள். பிறகு செவ்வாய்க்கிழமை மட்டும். கீரைக்கு ஆர்டர் கூடியபோது அதுவும் போயிற்று. அறுவடை, கழுவல், எடை, பொட்டலம், ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஒரு கைப்பிடி கறுப்பு மண்ணும் அதில் ஒரு தளிரும் அச்சாகியிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பொட்டலத்தில் அவள் அந்த மண்ணை ஒட்டினாள்.

வகுப்பு என்ன ஆயிற்று என்று அவள்தான் கேட்டாள். அவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

"அறுவடையும் பாடந்தானேம்மா" என்றார் பாத்துக்கலாம்.

"இந்தப் பாடத்தை நாலு மாசமா படிக்கிறேன் சார். இன்னும் பாஸ் பண்ணலையா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவளுக்குக் குளிர் அறையில் வேலை. நாள் முழுக்கக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டி அடுக்க வேண்டும்.

பயிற்சி அலுவலகத்துக்குப் பெண்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். சல்லடை எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. திட்டத்தின்படி வேலையே கல்வியின் முக்கியப் பகுதி, ஆர்வத்துக்கு நன்றி. பாதியில் திரும்ப விரும்புகிறவர்கள் எழுதித் தரலாம் என்று இணைப்பாக ஒரு படிவமும் இருந்தது. மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவள் போகவில்லை.

"எதைக் கத்துக்கிட்டேன்னு ஊருக்குத் திரும்பறது? ஸ்டிக்கர் ஒட்டறதையா?" என்றாள் என்னிடம்.

அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே நல்லது வகுப்பு எடுத்த ஆசிரியை. இருபத்தாறு வயதுப் பெண். அவளே ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தவள். பண்ணையின் பின்பக்கம், பழைய குழாய்களைக் குவித்து வைத்திருந்த இடத்துக்கு அப்பால், அரை ஏக்கர் உண்மையான தரை இருந்தது. முன்பு யாரோ ஆராய்ச்சிக்கு என்று விட்டுவைத்தது. வகுப்பு குறைய ஆரம்பித்ததுமே ஆசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வர ஆரம்பித்தாள். சல்லடை போவாள். சில வாரம் இன்னொருத்தி, பல வாரம் இவள் மட்டும்.

பத்து மாதம் அந்த அரை ஏக்கரில் அவள் கற்றுக்கொண்டதுதான் மொத்தப் படிப்பும். தரையை ஒருநாளும் வெறுமையாக விடாமல் ஒரு பயிர் முடிவதற்குள் அடுத்ததை ஊன்றுவது. பச்சையாக நிற்கும் செடியை எந்த வயதில் மடக்கி மண்ணோடு சேர்ப்பது, எந்த வயதைத் தாண்டினால் அது பயனில்லாத குச்சியாகிவிடும் என்பது. உரக்குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துக் கையால் தொட்டு வெப்பம் அறிவது. ஒரு சாண் நீள அகலத்துக்கு வெட்டி எடுத்து மண்புழுக்களை எண்ணுவது. முதல் தடவை எண்ணியபோது ஒன்றுகூட இல்லை. நாலாம் மாதம் மூன்று. ஒன்பதாம் மாதம் பதினொன்று.

"பதினொண்ணுண்ணா!" என்று போனில் கத்தினாள். எங்கள் பழைய விவசாயி கேட்ட கேள்விக்கு அவளிடம் இப்போது பதில் இருந்தது. எவ்வளவு போட வேண்டும், எத்தனை பருவம் ஆகும், எப்போது ஏறும் என்று ஒரு நோட்டு முழுக்கப் படம் போட்டு எழுதியிருந்தாள்.

வாராவாரம் கணவரிடமும் சொல்வாள். இதை நம் மேட்டுப் பக்கம் செய்யலாம், அதைப் பள்ளப் பக்கம் செய்யலாம் என்று. அவர் "ம்" கொட்டுவார்.

"நிலம் எப்படிங்க இருக்கு?"

"இருக்கு."

பதினோராம் மாதம் ஆசிரியையின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவள் அழுதுகொண்டே போனாளாம். பதின்மூன்றாம் மாதம் அந்த அரை ஏக்கரில் சிமென்ட் ஊற்றினார்கள். லாரிகள் திரும்ப இடம் வேண்டும். சல்லடை குளிர் அறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். பதினொன்று எண்ணிய இடம் எது என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அங்கேதான் முதலில் கொட்டினார்கள்.

மீதி ஐந்து மாதத்தை அவள் எப்படி ஓட்டினாள் என்று என்னிடம் சொன்னதில்லை. கடைசியில் பட்டயம் கொடுத்தார்கள். அதில் நீடித்த வேளாண்மை என்ற சொல் எங்கும் இல்லை. "புதுவிளைபொருள் கையாளுதல் மற்றும் பொட்டலமிடல், இரண்டாம் நிலை" என்றிருந்தது.

ஊருக்கு வந்த அன்று கணவரும் மகளும் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். மகள் அவள் தோளுக்கு வளர்ந்திருந்தாள். ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் போயிற்று; மூன்று பேரும் அழுதார்கள். பெட்டியை ஆட்டோவில் ஏற்றியதும் அவள், "வீட்டுக்கு அப்புறம் போலாம். முதல்ல நிலத்துக்குப் போலாம்" என்றாள். கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மகளுக்கும் தெரியும். சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்தார்.

நிலம் இருந்தது. ஓர் ஆள் மட்டத்துக்குக் கீழே இருந்தது.

வரப்பு இருந்த இடத்தில் நின்று அவள் பள்ளத்தைப் பார்த்தாள். செங்கல் சூளைக்காரர்கள் இயந்திரத்தால் நேர்த்தியாக வெட்டியிருந்தார்கள். பக்கச்சுவரில் மேல்மண் கறுப்பாக ஒரு முழம் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே மஞ்சள். அடியில் இயந்திரத்தின் பல் பதிந்த கோடுகள்.

"ஏன்ங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"முதல்ல வடக்குப் பக்கத்துக்காரன் சூளைக்கு மண்ணு குடுத்தான். அப்புறம் கிழக்குப் பக்கம். ரெண்டு பக்கமும் பள்ளம். நம்மது மட்டும் நடுவுல மேசை மாதிரி நின்னுச்சு. தண்ணி பாய்ச்சினா ஒரு நாழி நிக்கல, எல்லாம் அங்க இறங்கிடுச்சு. ஒவ்வொரு மழைக்கும் வரப்போட சேர்த்து நிலம் சரிஞ்சுது. ரெண்டு போகம் கருகிப் போச்சு." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சும்மா சரிஞ்சு வீணாப் போறதைக் குடுத்துடேன்னான் சூளைக்காரன். குடுத்துட்டேன்."

"போன்ல கேட்டப்ப எல்லாம் இருக்குன்னு சொன்னீங்களே."

"இருக்குன்னுதான் சொன்னேன். நல்லா இருக்குன்னு சொல்லல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவரும் எதிர்பார்த்திருப்பார், கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே இறங்கினாள். இறங்கி நாலு மூலையிலும் நடுவிலும், வழக்கமாக மாதிரி எடுப்பதுபோலவே, கொஞ்சம் கொஞ்சமாக மண் எடுத்துத் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்து அதைச் சலித்து என் மேசையில் வைத்தாள். கரிமச்சத்துப் பரிசோதனையில் மண்ணே போடாத ஒரு குடுவையையும் ஒப்பிடுவதற்காக வைப்போம். கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும்போது நீலம் பச்சையாக மாறும் இடம்தான் கணக்கு. மண்ணில் கரிமம் இருந்தால் சீக்கிரம் மாறும். அன்று அவள் நிலத்து மண் போட்ட குடுவைக்கும் மண்ணே இல்லாத குடுவைக்கும் பத்துச் சொட்டு வித்தியாசம் இல்லை.

"இன்னொரு தடவை போடுங்கண்ணா" என்றாள்.

போட்டேன். அதேதான் வந்தது. அவள் நோட்டை எடுத்தாள், எழுதவில்லை, மூடி வைத்தாள்.

ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. அதிகாரியிடம் அனுமதி வாங்கி, கற்றதைச் சொல்ல ஒரு கூட்டம் போட்டாள். ஏழு பேர் வந்தார்கள். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். என் வாழ்க்கையில் மண்ணைப் பற்றி அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. முடிந்ததும் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரிம்மா, உன் நிலத்துல செஞ்சு பாத்தியா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

பிறகு பள்ளத்திலேயே விதைத்தாள். மடக்கி உழுவதற்கான பயறு வகைகள், ஆறேழு கலந்து. கணவரும் கூட நின்று தூவினார். முளைத்து நாலு இலை விட்டபோது மழை வந்தது. சுற்றியிருந்த பள்ளங்களின் தண்ணீரெல்லாம் சேர்ந்து பதினாறு நாள் வடியவில்லை. வடிந்தபோது நாற்றம் மட்டும் மிச்சம். அடுத்த வருடம் மழைக்குப் பிறகு விதைத்தார்கள். இந்தத் தடவை கணுக்கால் உயரம் வளர்ந்து மஞ்சளடித்து நின்றுவிட்டது. அதையும் மடக்கிச் சேர்த்தாள்.

"இப்படியே போட்டா அந்த மேல்மண் திரும்ப வர எத்தனை வருஷம் ஆகும்மா?" என்று சாப்பிடும்போது கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது.

"கணக்குப் போட்டுப் பாத்துட்டேண்ணா" என்றாள். "என் ஆயுசு பத்தாது. என் பொண்ணு ஆயுசும் பத்தாது. இதைக் கத்துக்காம இருந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது. அஞ்சு வருஷத்துல வந்துடும்னு நெனச்சுக்கிட்டு போட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."

மூன்றாம் வருடம் விதைக்கவில்லை. கணவர் அதே சூளையில் டிராக்டர் ஓட்டப் போனார். காலையில் போனால் மாலையில் செங்கல் தூசியோடு வருவார். வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. நிலத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. கூடத்துக்குப் புது இயந்திரம் வந்தது. விவசாயிகள் கொண்டுவரும் மண் பைகளின் எண்ணிக்கை குறைந்தது. இருந்ததைச் சலிப்பதற்கு அவளுக்கு அரை நாளே போதுமானதாக இருந்தது. மீதி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அதிகாரி ஏதாவது சொன்னால் சரி சார் என்பாள். ஏன், எதுக்கு என்று கேட்பதை அவள் எந்த நாளில் நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நானும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு மாலை அவள் மகள் பள்ளியிலிருந்து நேராக எங்கள் கூடத்துக்கு வந்தாள். மேல்வகுப்புக்கு மாறும் படிவம். மறுநாளே கொடுக்க வேண்டுமாம். உலர்த்தும் மேசையில் ஓரமாக இடம் ஒதுக்கி, பேனாவைத் திறந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

"அப்பா வேலைன்னு கேட்டிருக்கு. விவசாயின்னு எழுதவா?"

"டிரைவர்னு எழுது."

எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"அம்மா, தாயின் படிப்புன்னு இருக்கு. வெளிநாட்டுல படிச்சியே, அதுக்குப் பேர் என்ன? அதையும் சேர்த்து எழுதவா?"

சல்லடை கையிலிருந்த மரச்சுத்தியைக் கீழே வைத்தாள். மகளின் கையெழுத்தைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துல முன்ன என்ன எழுதிக் குடுத்தோம்?"

"பன்னிரண்டாம் வகுப்பு."

"அதையே எழுதும்மா."